பதினேழாம் கொக்கி

உப்பல் தமிழ் மன்றத்தின் சுற்றுலாத் துணைக்குழுவில் நான்கு பேர். தலைவர் ராமசுவாமி, பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வு பெற்றவர். என்ன ஆராய்ந்தீர்கள் என்று யாராவது கேட்டால் 'ரகசியம்' என்பார். அவருக்கே அது தெரியாது என்பது மன்றத்தின் பொதுக் கருத்து. இரண்டாவது அவர் மகள் ஸ்ரேயா, குழுவிலேயே போனில் புக்கிங் செய்யத் தெரிந்த ஒரே ஜீவன். மூன்றாவது ஜலஜா, கூட்டத்துக்குப் போண்டா போடுபவள். நான்காவது அவள் கணவர் ஜெயராம். அமைப்பாளர், பாதுகாப்புப் பொறுப்பாளர், பதிவேட்டுக் காப்பாளர் என்ற மூன்று பதவிகளையும் அவரே வகித்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு விசில் இருக்கும். கோயிலுக்குப் போகும்போதும் இருக்கும்.

நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் முதன்மைப் பாதுகாப்பு மேலாளராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்றுவிட்டீர்களே என்று யாரும் சொல்லிவிட முடியாது. "சர்வீஸ்தான் முடிஞ்சது, பொறுப்பு முடியலை" என்று திருத்துவார். வீட்டு மாடித் தொட்டியில் 'ஆழம் நாலடி, நீந்தாதீர்' என்று சிவப்பில் எழுதி வைத்திருந்தார். அந்தத் தொட்டிக்குள் ஒரு குடம்கூட நுழையாது.

நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, முதல் போண்டாவைக் கடித்துக்கொண்டே ராமசுவாமி சொன்னார்:

"இந்த வருஷம் கொங்கலசெருவு. முடிவு பண்ணியாச்சு."

ஜெயராமின் போண்டா வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"ஏரி அப்படியே மாறிப் போச்சு, அங்கிள்" என்றாள் ஸ்ரேயா, போனைக் காட்டி. "லேக்‌சைட் பார்க், கிளாஸ் பிரிட்ஜ், மலையைச் சுத்தி நாலு கிலோமீட்டர் டிரெக்கிங். அப்புறம் போட்டிங். மஸ்த்!"

"ஜூவுக்குப் போலாமே" என்றார் ஜெயராம். "பக்கத்துல இருக்கு. நிழல் இருக்கு. பாத்ரூம் இருக்கு."

"நக்கோ அங்கிள், வேணாம்! ஜூவா? நாங்க என்ன எல்கேஜி பிள்ளைங்களா?"

"தண்ணி இருக்கற எடம் எல்லாம் ரிஸ்க். ஐம்பத்தஞ்சு வயசுக்கு மேல..."

"அதுக்குத்தானே நீர் இருக்கீர்!" ராமசுவாமி அவர் முதுகில் தட்டினார். "இதே கொங்கலசெருவுக்கு ரெண்டாயிரத்து நாலுல நாப்பது பேரைக் கூட்டிண்டு போய், நாப்பது பேரையும் பத்திரமாக் கொண்டு வந்த மனுஷர்! உம்ம ரிஜிஸ்தர்லயே பார்த்திருக்கேனே. இழப்பு: இல்லை."

புகழ்ச்சியை மறுக்கும் வழக்கம் ஜெயராமுக்கு இல்லை. அந்தத் தசை அவர் உடம்பில் வளரவேயில்லை. தலையை லேசாக ஆட்டினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ராமசுவாமி சொன்னது நாற்பதில் முப்பத்தொன்பது பங்கு உண்மை.

மிச்சமிருந்த ஒரு பங்கின் பெயர் நந்தகுமார். ஃபிட்டர். டோக்கன் எண் பதினேழு.

தொழிற்சாலைகளில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. வாசலில் ஒரு பலகை, பலகையில் எண் போட்ட கொக்கிகள், கொக்கிக்கு ஒரு பித்தளை டோக்கன். உள்ளே போகிறவன் தன் டோக்கனை எடுத்துக்கொண்டு போவான், வெளியே வரும்போது மாட்டுவான். ஒரு கொக்கி காலியாக இருந்தால் ஒரு மனிதன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். இதைச் சுற்றுலாவுக்குக் கொண்டு வந்த மேதை ஜெயராம்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது எடு, ஏறும்போது மாட்டு. 'ஆளை நம்பாதே, பலகையை நம்பு' என்பது அவரே எழுதி அவரே அச்சடித்து அவரே படித்த பாதுகாப்புக் கையேட்டின் முதல் வரி.

ரெண்டாயிரத்து நாலில் அன்று, பாதுகாப்பு வாரக் கொண்டாட்டத்தின் கடைசி நாள். மாலை ஐந்தரைக்குப் பலகையில் முப்பத்தொன்பது டோக்கன் மாட்டியிருந்தது. பதினேழாம் கொக்கி காலி. ஜெயராம் மூன்று முறை விசில் ஊதினார். ஏரியின் அக்கரையிலிருந்து விசில் மூன்று முறை எதிரொலித்தது. எட்டரை மணிக்குத் தொழிற்சாலை வாசலில் ஜெனரல் மேனேஜர், கேடயம், போட்டோகிராபர் மூவரும் காத்திருப்பார்கள். பாத்திரம் ஏற்றிய வேன் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டது. நந்தகுமார் அதில் தொற்றிக்கொண்டு போயிருப்பான், அந்த மாதிரி ஆள்தான் அவன் என்று ஜெயராம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கேட்க வேறு யாரும் இல்லாததால் அது உடனே நிரூபணமாகிவிட்டது. டோக்கனைத் தொலைப்பவர்களுக்காக அவர் பையில் மாற்று டோக்கன்கள் இருந்தன. அதில் பதினேழை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். பலகை நிறைந்தது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

நந்தகுமார் வேனில் போகவில்லை என்பது மறுநாள் தெரிந்தது. அதற்குள் கேடயத்தோடு போட்டோ வந்துவிட்டது. போலீஸ் வந்து கேட்டது. பஸ்ஸில் தூங்கி வந்தவர்களுக்கு யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஞாபகமில்லை. பலகை நிறைந்திருந்தது என்று பதிவேடு சொன்னது. ஆக, ஆள் ஊர் திரும்பிவிட்டான், ஊரில்தான் காணாமல் போயிருக்கிறான். செகந்திராபாத் ஸ்டேஷனில் தேடினார்கள், தண்டவாள ஓரம் தேடினார்கள், காஜிபேட் வரைக்கும் போய்த் தேடினார்கள். ஏரியில் மட்டும் யாரும் தேடவில்லை. பலகை நிறைந்திருந்ததே, எதற்குத் தேட வேண்டும்?

இருபத்தோரு வருஷமாக ஜெயராம் இதை யாரிடமும் சொல்லவில்லை. ஜலஜாவிடமும் சொல்லவில்லை.

*

பரணிலிருந்து பலகையை அவரே இறக்கினார். பழைய செய்தித்தாளில் சுற்றிச் சணல் போட்டுக் கட்டியிருந்தது. கூடத்தில் வைத்துப் பிரித்துவிட்டுத் துணி எடுக்க உள்ளே போனார். திரும்பி வருவதற்குள் ஜலஜாவின் குரல் கேட்டது.

"என்னன்னா இது, பரண்ல ஒழுகறதா?"

செய்தித்தாள் முழுவதும் இருபத்தோரு வருஷத்துப் பழுப்பு. நடுவில் ஓரிடம் மட்டும் ஈரம், ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு. பக்கத்தில் பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்திரண்டு எல்லாம் உலர்ந்து, தூசி படிந்து இருந்தன. பதினேழாம் டோக்கனின் அடி விளிம்பில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழவில்லை.

"போன மாசம் மழையில ஒழுகியிருக்கும்" என்றார் ஜெயராம்.

"மழை எங்கே பெஞ்சது?" ஜலஜா குனிந்து மோந்தாள். "பாசி வாடை வர்றதே. கழுவாத மீன்தொட்டியாட்டம்."

அவர் துடைத்தார். பித்தளை விரலைச் சுட்டது. சூட்டால் அல்ல, குளிரால். ஐதராபாத்தில் நவம்பர் மாதம் பதினோரு மணி வெயில் கூடத்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. நாலு முறை துடைத்தார். ஐந்தாம் முறை துடைக்கும்போது, அன்று மாலைக்குள் துணைக்குழுவுக்கு ஒரு சுற்றறிக்கை தயார் செய்வதென்று முடிவு செய்தார்: கொக்கி பழுதடைந்திருப்பதால் பதினேழாம் எண் இவ்வருடம் வழங்கப்பட மாட்டாது.

மறுநாள் பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஸ்ரேயா எல்லாவற்றையும் ஆன்லைனில் முடித்துவிட்டாள். போன் செய்யத் தேவையே இல்லை. ஆனால் தான் யார் என்று யாரிடமாவது சொல்லாமல் எந்தக் காரியமும் முடிந்ததாக ஜெயராமுக்குத் தோன்றாது. இன்ன தொழிற்சாலையின் முன்னாள் முதன்மைப் பாதுகாப்பு மேலாளர் பேசுகிறேன் என்று, பட்டத்தோடும் ஊரோடும், தன் தெலுங்கில் அறிவித்தார்.

அந்தப் பக்கத்தில் குமாஸ்தா எதையோ தேடினார். காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"நாச்சாரம் ஃபேக்டரியா சார்? ஜெயராம்காரா?" என்று பெரிய கண்டுபிடிப்புச் செய்தவர் போலத் தெலுங்கில் கேட்டார் அவர். "உங்களைத்தான் சார் தேடிக்கொண்டிருக்கிறோம். ரெண்டாயிரத்து நாலில் நாற்பது லைஃப் ஜாக்கெட் வாங்கினீர்கள். முப்பத்தொன்பதுதான் திரும்பி வந்திருக்கிறது. அப்போதே லெட்டர் போட்டிருக்கிறோமே?"

லெட்டர் வந்தது. ஜெயராமுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நந்தகுமார் காணாமல் போன ஆறாம் நாள், பழுப்பு உறையில். 'நடவடிக்கை தேவையில்லை' என்று ஓரத்தில் எழுதிக் கோப்பில் போட்டவர் அவர்தான்.

"அது... இப்ப எதுக்கு?"

"இப்ப எதுக்கா? ஒவ்வொரு மார்ச்சிலும் ஸ்டாக் சரிபார்க்க வருகிறார்கள் சார். ஒரு ஜாக்கெட் குறைகிறது. 'தொலைந்தது' என்று எழுதினால் பத்துப் பாரம் நிரப்ப வேண்டும். அதனால் எனக்கு முன்னால் இருந்தவர் ஒன்று எழுதினார், நானும் அதையே எழுதிக்கொண்டிருக்கிறேன்."

"என்னன்னு?"

"வாடுகலோ உந்தி. உபயோகத்தில் இருக்கிறது."

ஜெயராம் போனை வைத்துவிட்டார். ஊரிலும் உலகத்திலும் இருந்த அத்தனை பதிவேடுகளிலும் நந்தகுமாரைப் பற்றி உண்மை சொன்னது அந்த ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. அதுவும் சோம்பேறித்தனத்தால் எழுதப்பட்ட உண்மை.

*

இரண்டாம் கூட்டத்துக்கு ஸ்டெல்லா வந்தாள்.

அவள் வருவாள் என்று ஜெயராம் எதிர்பார்க்கவில்லை. பழைய தொழிற்சாலைக் குடும்பங்களையும் அழைக்கலாம் என்று ராமசுவாமி பெருந்தன்மையோடு அறிவித்திருந்தார். பஸ்ஸில் நாலு ஸீட் காலியாக இருந்தது. அவள் நந்தகுமாரின் மனைவி, இப்போது ஐம்பத்தெட்டு வயது. ரயில்வே பள்ளியில் டீச்சராக இருந்து, மெட்டுகுடாவில் அதே குவார்ட்டர்ஸ் சந்தில் வாடகைக்கு இருந்தாள். வீடு மாற்றினால், வருகிறவருக்கு அட்ரஸ் தெரியாமல் போய்விடும் என்று மாற்றவில்லையாம். ஜலஜாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள். ஜலஜாவுக்குச் சிரிக்க வரவில்லை.

"ஏரி ஊரெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா?" என்றார் ஜெயராம். "நடக்கணும், ஏறணும், முட்டி வலிக்கும்."

"எதுக்கு சார் வலிக்கும்? தெனம் நாலு மாடி ஏறி எறங்கறேன்." ஸ்டெல்லா போண்டாவை மரியாதையாக ஒதுக்கி வைத்தாள். "அவரு கடைசியா சந்தோஷமாப் போன எடம் அதுதானே. ஒரு தடவை பார்க்கணும். எல்லா ஸ்டேஷனும் பார்த்தாச்சு, இதைத்தான் பார்க்கலை."

ராமசுவாமி தொண்டையைச் செருமி, மேற்கொண்டு பொருள் இரண்டுக்குப் போகலாம் என்றார். பொருள் இரண்டு, புளிசாதமா, பூரியா. பதினைந்து நிமிஷம் கடுமையான விவாதம். அதற்குள் ஸ்டெல்லா பலகையைத் தன் பக்கம் இழுத்து, டோக்கன்களைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள். எங்கப்பா வொர்க்‌ஷாப்புல டைம் ஆபீஸ் குமாஸ்தா, பலகையோட வளர்ந்தவ நான், என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள். பதினாறு. பிறகு பதினேழு.

கை நின்றது.

ஜெயராம் பூரிக்கு வாக்களித்துக்கொண்டிருந்தார். ஆனால் கண் அங்கேதான் இருந்தது. அவள் டோக்கனை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பித்தளையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி வெளிச்சம்.

கூட்டம் முடிந்து எல்லோரும் செருப்பு மாட்டும்போது, அவள் மட்டும் அவர் அருகில் வந்தாள்.

"சார், அசலுக்கு ஒரு ஓட்டை, டூப்ளிகேட்டுக்கு ரெண்டு ஓட்டை. உங்க ஃபேக்டரியிலயும் அப்படித்தானே?"

"ஹாங்... ஆமா."

"பதினேழுல ரெண்டு இருக்கு."

"அன்னிக்குக் கார்த்தாலயே அவன் டோக்கனைத் தொலைச்சுட்டான்மா. நான்தான் மாத்து குடுத்தேன்." வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன. பதவியில் இருந்த காலத்தில் இப்படித்தான் வரும்.

"அப்படியா." அவள் தலையாட்டினாள். "டூப்ளிகேட் குடுத்தா பேருக்குப் பக்கத்துல எழுதணுமே. எங்கப்பா எழுதாம விடமாட்டார். உங்க ரிஜிஸ்தர்ல எழுதியிருப்பீங்க."

ஜெயராம் வாசல் கதவின் தாழ்ப்பாளை இழுத்துச் சரிபார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். எனக்கு யாரையும் திட்டறதுக்கு இப்பத் தெம்பில்லை. அவரு பஸ்ஸுல வந்தாரா வரலையான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். வந்திருந்தா, இன்னும் ஸ்டேஷன்ல பார்ப்பேன். வரலைன்னா, நிறுத்திக்குவேன். அதை எழுதினவருதானே சொல்லணும்." செருப்பை மாட்டினாள். "பதினேழாம் நம்பரை எனக்குக் குடுங்க. பலகையையும் அன்னிக்கு நானே பார்த்துக்கறேன்."

"அந்தக் கொக்கி பழுதும்மா. சர்க்குலரே..."

"ஆட்டிப் பார்த்தேன் சார். நல்லாத்தான் இருக்கு."

*

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, காலை ஆறு மணிக்கு உப்பலில் பஸ் கிளம்பியது. ஜெயராம் பாதுகாப்பு விதிகளை வாசித்தார், மொத்தம் இருபத்திரண்டு. பதினான்காம் விதி, ஓடும் வண்டியில் யாரும் நிற்கக் கூடாது. அதை வாசிக்கும்போது அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். யாரோ சிரித்தார்கள். ஒன்பது மணிக்கு ஏரி வந்தது.

இருபத்தாறு பேர். இருபத்தாறு டோக்கன். ஸ்டெல்லா பஸ் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். பதினேழைக் கடைசியாக எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அழகான இடம் என்பதை ஜெயராமாலும் மறுக்க முடியவில்லை. சுற்றிலும் குன்று, நடுவில் தண்ணீர், தண்ணீரின் மேல் கொக்குகள். காட்டுப்பாதையில் நாலு கிலோமீட்டரும் ராமசுவாமி நடந்தார். அதாவது ஒன்றரை கிலோமீட்டர் நடந்துவிட்டு, மீதியை உட்கார்ந்த இடத்திலிருந்து விளக்கினார். ஜெயராம் முன்னால் போய் நின்று வருகிறவர்களை எண்ணினார். ஒவ்வொரு வளைவிலும் எண்ணினார். இருபத்தைந்து, தன்னைச் சேர்த்து இருபத்தாறு. மூன்றாம் வளைவில், ஏரியின் நீண்ட கை ஒன்று குன்றுக்குள் புகும் இடத்தில், இருபத்தாறு, தன்னைச் சேர்த்து இருபத்தேழு. மறுபடி எண்ணினார், சரியாக இருந்தது. இரைக்கிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் மோட்டார் படகு. எல்லோரும் ஆரஞ்சு ஜாக்கெட்டில் புடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ராமசுவாமி போட்டுக்கொண்டதும் பரங்கிக்காய் கண்ணாடி அணிந்தது போல இருந்தது. படகு நடு ஏரிக்கு வந்தபோது ஸ்ரேயா கையை நீட்டினாள்.

"டாடி, அங்க பாரு, அந்தப் பக்கம் ஒருத்தர் நிக்கிறார். நம்ம ஜாக்கெட்டே!"

குன்றுக்குள் புகும் அதே இடம். கரையோர மரநிழலில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. கையைத் தூக்கி ஆட்டியது. வா என்று கூப்பிடுவது போல இல்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று காட்டுவது போல, பொறுமையாக, ஒரே சீராக, வெகுநேரம் ஆட்டிப் பழகியவன் போல.

"ஆ பக்க எவரூ உண்டரண்டி" என்றான் படகுக்காரன், திரும்பிப் பார்க்காமலே. அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். "தோவே லேது." வழியே கிடையாது.

படகில் இருந்த அத்தனை பேரும் உற்சாகமாகக் கையாட்டினார்கள். ஸ்ரேயா அதைப் பின்னால் வைத்து ஒரு செல்ஃபி எடுத்தாள். ஜலஜாகூடக் கையாட்டினாள். ஜெயராம் தன் ஷூ லேஸைக் கட்டினார். அவிழ்த்துக் கட்டினார். நிமிர்ந்தபோது ஸ்டெல்லா அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையாட்டவில்லை. மடியில் இரண்டு கையையும் கோத்து, முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

*

மாலை ஐந்தேகாலுக்கு ஜெயராம் விசில் ஊதினார். அக்கரையிலிருந்து எதிரொலி வந்தது. ஒருமுறைதான் ஊதினார். எதிரொலி மூன்று முறை வந்தது.

பஸ் படிக்கு வெளியே பலகை சாய்த்து வைத்திருந்தது. ஆட்கள் வர வர டோக்கன் மாட்டப்பட்டது. பூரி மிச்சம், தொப்பி, கால்வலி, எல்லாம் ஏறின. கடைசியாக ஜெயராம் தன் ஒன்றாம் எண்ணை மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார். ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை. ஒரு கொக்கிகூடக் காலி இல்லை.

உடம்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. பையிலிருந்து பதிவேட்டை எடுத்தார். அதே பழைய பதிவேடு. அவர் இழப்பில்லாத சாதனைகள் எல்லாம் ஒரே அட்டைக்குள் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 'இருபத்தாறு பேரும் திரும்பினர். இழப்பு' என்று எழுதினார்.

"நான் இன்னும் மாட்டலை சார்" என்றாள் ஸ்டெல்லா.

பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையை விரித்தாள். பதினேழு. இரண்டு துளை.

ஜெயராம் மெதுவாகப் பலகையைப் பார்த்தார். பதினேழாம் கொக்கியில் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சையேறி, எண் பாதி மறைந்து, ஒரு பாசி இழை வால் போலத் தொங்க. ஒரே ஒரு துளை. அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பலகையின் கீழே செம்மண் நனைந்திருந்தது. நனைந்த தடம் ஏரிப் பக்கத்திலிருந்து வந்து, பஸ் படியில் ஏறியிருந்தது.

"இது யாரு மாட்டினா?" அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"நான் இங்கயேதான் நின்னேன் சார். யாரும் மாட்டலை."

டிரைவர் ஹாரன் அடித்தான். ராமசுவாமி ஜன்னலில் தலை நீட்டினார். "என்ன ஜெயராம், கெளம்பலாமா? போர்டு நிறைஞ்சாச்சா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரு சொல், ஒரு கையெழுத்து, மூன்று மணி நேரத்தில் உப்பல். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் இதே வெளிச்சத்தில், இதே மண்ணில், இதே பேனாவோடுதான் நின்றார். ஸ்டெல்லா உள்ளங்கையை மூடாமல் வைத்திருந்தாள்.

"ஒருத்தர் வரலை" என்றார் ஜெயராம்.

"யாரு?"

"நந்தகுமார்."

பஸ் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. பிறகு அவர் சொன்னார். முழுவதும் சொன்னார், விசில், வேன், கேடயம், மாற்று டோக்கன், பழுப்பு உறை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தலைப்பும் உட்தலைப்பும் இல்லாமல் பேசினார். "அவன் பஸ்ஸுல வரலை. நான்தான் மாட்டினேன். இங்கதான் விட்டுட்டுப் போனோம். ஏரியில தேடணும். இப்பவே யாரையாவது கூப்பிடுங்கோ, அந்தக் குன்றுப் பக்கம்..."

ராமசுவாமி இறங்கி வந்தார். விஞ்ஞானி அல்லவா, பலகையைக் கண்ணாடி வழியாகவும் கண்ணாடிக்கு மேலாகவும் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"இருபத்தாறுக்கு இருபத்தாறு. ஃபுல்லா இருக்கேய்யா."

"அந்தப் பதினேழைப் பாருங்கோ!"

"பழைய பித்தளைன்னா பச்சை பூக்கத்தான் பூக்கும். அதுக்கு ஒரு கெமிஸ்ட்ரி இருக்கு."

"சீ, பாசி!" என்றாள் ஸ்ரேயா, ஜன்னலிலிருந்து. "அங்கிளுக்கு வெயில் ஒத்துக்கலை. ஆன்ட்டி, குளுக்கோஸ் இருக்கா?"

"நான் சொல்றேன், ஒரு ஆள் கொறையறது!"

"ஜெயராம்." ராமசுவாமி அவர் தோளில் கை வைத்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "ஆளை நம்பாதே, பலகையை நம்புன்னு எழுதினதே நீர்தானே? உம்ம பலகை எல்லாரும் வந்தாச்சுங்கறது. நீர் வரலைங்கறீர். நாங்க யாரை நம்பறது?"

ஜெயராம் ஜலஜாவைத் தேடினார். அவள் படியில் நின்றிருந்தாள். அவள் மட்டும் நம்பினாள் என்பது முகத்தில் தெரிந்தது. அவள் நம்பாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஸ்டெல்லா பதிவேட்டை அவர் கையிலிருந்து வாங்கி, பின்னால் புரட்டி, ரெண்டாயிரத்து நாலாம் வருஷப் பக்கத்தை விரித்து, அவரிடமே நீட்டினாள்.

"இதுல எழுதிடுங்க சார். அவங்க நம்ப வேண்டாம்."

'இழப்பு: இல்லை' என்பதை ஜெயராம் அடித்தார். பக்கத்தில் எழுதினார்: 'ஒருவர் திரும்பவில்லை. நந்தகுமார், டோக்கன் 17. மாற்று டோக்கனை மாட்டியது நான்.' தேதி போட்டுக் கையெழுத்திட்டார். ஸ்டெல்லா எழுத்துக் கூட்டுவது போல அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தன் கையிலிருந்த இரண்டு துளை டோக்கனை அவர் சட்டைப் பையில், விசிலோடு, போட்டாள்.

"ஏறுங்க சார். ஆளு வந்தாச்சு."

பஸ் கிளம்பியது. ஜெயராம் உட்கார இடம் பார்த்தார். ஜலஜா தன் பக்கத்து ஸீட்டில் பாத்திரக்கூடையை வைத்திருந்தாள். அதை எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மற்றதெல்லாம் நிறைந்திருந்தது. நாலாம் வரிசையில் ஸ்டெல்லா ஜன்னலோரம் நன்றாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள், இன்னொருவருக்கு இடம் விட்டு.

"அங்க காலியாத்தானே இருக்கு, உட்காருமேன்" என்றார் ராமசுவாமி.

ஜெயராம் கிட்டப் போனார். ஸீட்டின் ரெக்ஸின் ஒரு ஆள் கனத்துக்கு அமுங்கியிருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு சொட்டாகத் தரைக்கு விழுந்தது. பாசி வாடை. ஸ்டெல்லா தன் சால்வையில் பாதியை அந்தப் பக்கமாகப் போர்த்திவிட்டிருந்தாள். அது தரைக்குச் சரிந்து விழவில்லை.

மூன்று மணி நேரம், மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஓடும் வண்டியில், பதினான்காம் விதிக்கு விரோதமாக, அவர் நின்றுகொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் பின்னால் அந்தாக்ஷரி ஆரம்பித்தார்கள். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

உப்பலில் பாதிப் பேர் இறங்கினார்கள். மீதிப் பேருக்காக பஸ் செகந்திராபாத் பக்கம் போயிற்று. தார்நாகா தாண்டியதும் ஸ்டெல்லா எழுந்து, முன்னால் வந்து, டிரைவரின் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"மெட்டுகுடாவுல நிறுத்துப்பா. ரெண்டு பேர் எறங்கணும்."

பஸ் நின்றது. கதவு திறந்தது. டிரைவர் மூடுவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

ஜெயராம் எண்ணவில்லை.